14 ரேஸ், 0 பாயிண்ட்: அலெக்ஸ் யூங் ஏன் நிக்க முடியல?

14 ரேஸ், 0 பாயிண்ட். அலெக்ஸ் யூங் பேர எடுத்தாலே மமாக் கடையில அடுத்து வர்ற பேச்சு இதுதான், கூடவே "காசு குடுத்து சீட் வாங்குனவன்லா, அவன்லாம் ஒரு டிரைவரா"ன்னு யாராச்சும் ஒருத்தர் முடிச்சு வெச்சுருவாங்க. நானும் பத்து வருஷத்துக்கு மேல அப்படித்தான் பேசிக்கிட்டு திரிஞ்சேன். அப்புறம் உள்ளூர் ரேஸ்ல ஒரு அண்ணனுக்கு டயர் தூக்கப் போன இடத்துல என் எண்ணமே மாறிருச்சு. அத பின்னாடி சொல்றேன். முதல்ல அலெக்ஸோட கேஸ ஒழுங்கா எடுத்து வெக்கணும், ஏன்னா நம்ம மலேசியாவுல இருந்து ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டுன ஒரே ஆளு அவருதான், இன்னைய வரைக்கும் ரெண்டாவது ஆள் வரல.

1976 ஜூலை 20, கோலாலம்பூர்ல பொறந்தவரு. அப்பா ஹனிஃபா யூங் மோட்டார் ரேஸ் உலகத்து ஆளு, அதனால பையன் சின்ன வயசுலயே டிராக்க பாத்து வளந்தவரு. அப்பலாம் டிராக்னா ஷா ஆலம் பத்து தீகாதான், 1968-ல தொறந்தது. எங்க மாமா வயசு ஆளுங்க கிட்ட கேட்டுப் பாருங்க, பத்து தீகான்னு சொன்னா கண்ணு மின்னும், இப்ப அந்த எடத்துல வீடுங்க. 1999-ல செப்பாங் வந்துச்சு, ஒரு சுத்து 5.543 கிலோமீட்டர், 15 வளைவு, ஜெர்மன்காரரு ஹெர்மன் டில்க்கே போட்ட டிசைன். அந்த வருஷமே மலேசியன் கிராண்ட் பிரி. டிராக் இருக்கு, ரேஸ் இருக்கு, நம்ம ஆளு எங்கன்னு எல்லாரும் கேக்க ஆரம்பிச்சது அப்பதான்.

அலெக்ஸ் அந்த நேரம் இங்கிலாந்து ஃபார்முலா 3, அப்புறம் ஃபார்முலா 3000-ன்னு ஃபார்முலா ஒன்னுக்கு கீழ உள்ள படிகள்ல ஓட்டிக்கிட்டு இருந்தாரு, பெருசா சொல்லிக்கிற மாதிரி ரிசல்ட் இல்ல, 2001-ல ஜப்பான் போயி ஃபார்முலா நிப்பான் ஓட்டுனாரு. அந்த வருஷம் செப்டம்பர்ல ஃபார்முலா ஒன்ல கடைசி வரிசையில இருந்த மினார்டி டீம்ல டார்சோ மார்க்கேஸ தூக்கிட்டு இவர வெச்சாங்க. மேக்னம் கம்பெனி ஸ்பான்சர். காசு பின்னாடி இருந்துச்சு, அத நான் மறைக்கல. ஆனா காசோட வந்தவங்க எல்லாரையும் நாம இப்படி பேசுறோமா? நிக்கி லாவ்டா பேங்க்ல கடன் வாங்கித்தான் ஆரம்பத்துல சீட் புடிச்சாரு, அப்புறம் மூணு தடவ உலக சாம்பியன். அதனால காசு குடுத்தாரா இல்லையாங்குற கேள்விய விட, அந்த காசு எத வாங்குச்சு எத வாங்கலங்குறதுதான் பாக்க வேண்டியது.

2001-ல கடைசி மூணு ரேஸ், மோன்ஸா, இண்டியானாபொலிஸ், சுசுகா. டீம்மேட் யாரு தெரியுமா, ஃபெர்னாண்டோ அலோன்சோ. முதல் ரெண்டுலயும் முடிக்கல, சுசுகாவுல 16-ஆவதா முடிச்சாரு. அடுத்த வருஷம் டீம்மேட் மார்க் வெப்பர். ஒருத்தர் ரெண்டு தடவ உலக சாம்பியன் ஆனவரு, இன்னொருத்தர் ஒரு சுத்து வேகத்துக்கே பேர் போனவரு, இந்த ரெண்டு பேருக்கும் பக்கத்துலதான் இவரோட நேரத்த வெச்சு எல்லாரும் அளந்தாங்க.

2002 மார்ச் 3, மெல்போர்ன். முதல் வளைவுலயே ரால்ஃப் ஷூமாக்கர் காடி பாரிக்கெல்லோ மேல ஏறிப் பறந்து, எட்டு காடி அங்கயே காலி. அந்த களேபரத்துல மினார்டி ரெண்டும் தப்பிச்சு வந்துச்சு. வெப்பர் 5-ஆவது, ஆஸ்திரேலியாக்காரருக்கு சொந்த நாடு, முதல் ரேஸ், ரேஸ் முடிஞ்சு டீம் ஓனர் பால் ஸ்டோடார்ட்டும் அவரும் போடியத்துல ஏறி நின்னு கொண்டாடுனாங்க. அலெக்ஸ் 7-ஆவது. அப்ப முதல் ஆறு பேருக்குத்தான் பாயிண்ட். ஒரு எடத்துல போச்சு. அந்த 7-ஆவது எடத்த நாம யாரும் ஞாபகம் வெச்சுக்கல, எனக்கே பல வருஷம் கழிச்சு பழைய ரிசல்ட்ட பாத்தப்பதான் தெரிஞ்சுச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு செப்பாங். அன்னைக்கு நான் அங்க இருந்தேன். பதினேழு வயசு, மாமா கூட்டிட்டுப் போனாரு, கிராண்ட்ஸ்டாண்ட் டிக்கெட்டுக்கெல்லாம் வசதி இல்ல, ஹில்ஸ்டாண்ட், அதாவது புல்லு மேடு, பாய விரிச்சு உக்காந்துக்க வேண்டியதுதான். அத்த கட்டிக் குடுத்த நாசி லெமாக் வெயில்ல சுருண்டு போச்சு. வி10 இஞ்சின் சத்தம் காதுல கேக்குறது இல்ல, நெஞ்சுக்கூட்டுக்குள்ள அதிரும், இப்ப உள்ள பசங்களுக்கு அத சொல்லி புரிய வெக்க முடியாது. முன்னாடி ஃபெராரி, வில்லியம்ஸ் எல்லாம் போனப்ப மேட்டுல இருக்குறவங்க உக்காந்தே பாத்தாங்க, கடைசியா அந்த கருப்பு மினார்டி வந்தப்ப மட்டும் மேடு மொத்தமும் எந்திரிச்சு நின்னுச்சு. மலாய்க்காரங்க, சீனங்க, நம்ம ஆளுங்க, எல்லாரும் ஒண்ணா கத்துனாங்க, கொடிய ஆட்டுனாங்க. ஒவ்வொரு சுத்துக்கும் இதேதான். மாமா கைய நெத்தியில வெச்சுக்கிட்டு "வாரான் வாரான்"னு சொல்லுவாரு. பாதி ரேஸ் வாக்குல ஒரு தடவ மாமா கைய எடுக்காமலே நின்னாரு. வரல. அதுக்கப்புறம் யாரும் எந்திரிக்கல.

அடுத்து பிரேசில்ல 13-ஆவது, அதுக்கடுத்து ஏப்ரல்ல இமோலா. அங்கதான் முதல் அடி, குவாலிஃபை ஆகல. 107 சதவீத ரூல்னு ஒண்ணு அப்ப இருந்துச்சு, போல், அதாவது குவாலிஃபையிங்ல முதல் எடம், எடுத்தவரோட நேரத்துல 107 சதவீதத்துக்குள்ள நீங்க வரணும், வரலன்னா ஞாயித்துக்கிழம ரேஸ் கெடையாது, பொட்டிய கட்ட வேண்டியதுதான். போல் 80 செகண்டுன்னு வைங்க, நீங்க 85.6 செகண்டுக்குள்ள முடிக்கணும். கேக்குறதுக்கு தாராளமா தெரியும். ஆனா 2002-ல போல் நேரம் எப்படிப்பட்ட காடியில வந்துச்சுன்னு பாக்கணும். அந்த வருஷம் 17 ரேஸ்ல 15 ஃபெராரி ஜெயிச்சது, மைக்கேல் ஷூமாக்கர் மட்டும் 11, ஓட்டுன எல்லா ரேஸ்லயும் போடியம். மேல உள்ளவன் ஓடிக்கிட்டே இருந்தா கீழ உள்ளவனுக்கு கோடு தானா மேல ஏறும். மினார்டியோட பிஎஸ்02 காடியில இருந்தது ஏசியாடெக் இஞ்சின், டீம்கிட்ட காசு இல்ல, ஸ்பெயின்ல விங் ஒடையுதுன்னு ரெண்டு காடியையும் ரேஸுக்கு முன்னாடியே வெளிய எடுத்துட்டாங்கன்னா நெலமைய பாத்துக்குங்க.

இமோலாவுக்கு அப்புறம் ஜூலையில சில்வர்ஸ்டோன், அங்கயும் குவாலிஃபை ஆகல. ரெண்டு வாரம் கழிச்சு பிரான்ஸ், அங்க 10-ஆவதா முடிச்சாரு, அதே நாள்தான் ஷூமாக்கர் அஞ்சாவது சாம்பியன்ஷிப்ப எடுத்தாரு, அதனால 10-ஆவது எடத்துல யாரு வந்தான்னு ஒரு பேப்பர்லயும் பெருசா வந்திருக்காது. அடுத்த வாரமே ஹாக்கன்ஹைம், மறுபடியும் குவாலிஃபை ஆகல. மூணு தடவ. டீம் அவர ரெண்டு ரேஸ் உக்கார வெச்சுட்டு ஆந்தனி டேவிட்சன கூப்புட்டுச்சு. அப்புறம் கடைசி மூணு ரேஸுக்கு திரும்ப வந்தாரு, அதோட எஃப் ஒன் முடிஞ்சுது.

இப்ப காரணம். ரெண்டு பக்கமும் சொல்றேன், ஏன்னா நம்ம ஆளுங்குறதுக்காக ஒரு பக்கமா எழுதுனா அது ஆய்வு இல்ல.

அலெக்ஸுக்கு எதிரா இருக்குற பெரிய ஆதாரம் டேவிட்சன்தான். அதே காடி, ஹங்கேரியும் பெல்ஜியமும், ரெண்டுலயும் குவாலிஃபை ஆனாரு, வெப்பருக்கு கிட்டயும் வந்தாரு. ரேஸ்ல ரெண்டு தடவையும் ஸ்பின் ஆகி வெளிய போனது வேற விஷயம், ஒரு சுத்து வேகத்துல அவரு அலெக்ஸ விட மேல, மறுக்கவே முடியாது. ஆனா டேவிட்சன் யாரு? பிஏஆர் டீமோட டெஸ்ட் டிரைவர். அப்ப டெஸ்டிங்குக்கு இப்ப மாதிரி கடுமையான கட்டுப்பாடு கெடையாது, காசு இருந்தா நெறைய ஓட்டலாம், ஃபெராரிக்கு ஃபியோரானோ, முஜெல்லோன்னு சொந்தமா ரெண்டு டிராக். வெப்பர பாருங்க, 1976 ஆகஸ்ட் 27-ல பொறந்தவரு, அலெக்ஸ விட ஒரு மாசம் சின்னவரு. ஒரே வயசு. ஆனா 2001 முழுக்க பெனெட்டன்ல டெஸ்ட் டிரைவரா இருந்து, ஃபார்முலா 3000-ல ரெண்டாவதா வந்து, அதுக்கப்புறம்தான் மினார்டியில உக்காந்தாரு. அலெக்ஸுக்கு அந்த வருஷம் இல்ல. யாரும் பாக்காத நேரத்துல தப்பு பண்ணி கத்துக்குற அந்த கிலோமீட்டரு அவருக்கு கெடைக்கல, உலகமே பாக்குற ஞாயித்துக்கிழமையிலதான் கத்துக்க வேண்டியதா போச்சு.

"கிமி ராய்க்கோனன் மொத்தமே 23 கார் ரேஸ் மட்டும் ஓட்டிட்டு 2001-ல சாவ்பர் டீம்ல வந்து பாயிண்ட் எடுக்கலையா"ன்னு ஒருத்தர் கேப்பாரு, கேக்கட்டும், சரியான கேள்வி. அவரு அபூர்வப் பொறவி, அது ஒண்ணு. அவருக்கு கெடச்ச சாவ்பர் நல்ல காடி, அது ரெண்டு. அந்த சாவ்பரோட இஞ்சின் மேல பெட்ரோனாஸ் பேருதான் இருந்துச்சு, நம்ம ஊரு எண்ணெய்க் கம்பெனி. நம்ம ஊரு பேர் போட்ட காடியில ஃபின்லாந்துக்காரரு, நம்ம ஊரு டிரைவர் கடைசி டீம்ல. இது யாரோட தப்புன்னு நான் சொல்ல வரல, ஆனா எழுதுறப்ப இன்னைக்கும் எனக்கு வலிக்குது.

இன்னொரு விஷயம், குவாலிஃபையிங் எப்படி நடந்துச்சுங்குறது. ஒரு மணி நேரம், ஒரு டிரைவருக்கு மொத்தம் 12 சுத்து. வெளிய போற சுத்து, வேகமா ஓட்டுற சுத்து, உள்ள வர்ற சுத்து, ஆக நாலே நாலு முயற்சி. புது டயர் அந்த ஒரு சுத்துக்கு மட்டும் பிடிப்ப அள்ளிக் குடுக்கும், அந்த பிடிப்பு எவ்வளவுன்னு முன்னாடியே பழகுனவனுக்குத்தான் அத முழுசா உபயோகிக்க தெரியும், பழகாதவன் பாதி பயத்துல பிரேக்க பத்து மீட்டர் முன்னாடியே மிதிப்பான். இதத்தான் நான் அந்த அண்ணன் கிட்ட இருந்து கத்துக்கிட்டேன்.

எங்க தாமான்ல, அதாவது எங்க குடியிருப்புல, இருந்த அண்ணன் அவரு. அப்பா லோரி வெச்சிருந்தாரு, இவரு சின்னதா ஒரு வொர்க்‌ஷாப். புரோட்டோன் சாகா ஒண்ண ரேஸ் காடியா மாத்தி செப்பாங்ல உள்ளூர் ரேஸ் ஓட்டுவாரு. நான் சம்பளம் இல்லாத கையாள், டயர் தூக்குறது, காத்து அளக்குறது, பிட் சுவத்துல நின்னு போர்டு காட்டுறது. புது டயர் செட் வாங்க காசு இருக்காது, அதனால பழைய ரேஸ்ல ஓட்டுன டயர்ல நல்லதா நாலு பொறுக்கி, மஞ்ச சாக்பீஸ்ல எத்தன சுத்து ஓடுச்சுன்னு பக்கத்துல எழுதி வெச்சு, அதுலதான் குவாலிஃபை பண்ணுவாரு. எப்பவும் பின்னாடி மூணாவது, நாலாவது எடம். "உங்க அண்ணன் நல்ல மனுஷன், ஆனா ஸ்லோலா"ன்னு மத்த டீம் பசங்க என்கிட்டயே சொல்லுவாங்க, நானும் சிரிச்சுக்கிட்டு கேட்டுட்டு வந்திருக்கேன்.

ஒரு தடவ பக்கத்து பிட்ல ஒரு டீமோட காடி இஞ்சின் வெடிச்சிருச்சு, அவங்க டயர் செட்டு சும்மா கெடந்துச்சு, "எடுத்துக்க ப்ரோ"ன்னு குடுத்தாங்க. ஸ்டிக்கர் கூட கிழிக்காத டயர். போட்டு அனுப்புனோம். முதல் சுத்து சுமார்தான், ரெண்டாவது சுத்துல கையில இருந்த ஸ்டாப்வாட்ச்ச நான் ரெண்டு தடவ பாத்தேன், அவரு எப்பவும் ஓட்டுறத விட ஒரு செகண்டுக்கு மேல கொறைவு. அதே காடி, அதே கையி, அதே கண்ணு. உள்ள வந்து ஹெல்மெட்ட கழட்டிட்டு, முகமெல்லாம் வேர்வ, "தம்பி, இன்னும் இருக்குடா. கடைசி வளைவுல நான் பயந்துட்டேன், டயர் புடிக்கும்னு எனக்கு தெரியாமப் போச்சு"ன்னாரு. இன்னொரு செட் இருந்திருந்தா இன்னும் எறங்கியிருக்கும். இல்ல. அந்த ஒரு வார்த்த, "தெரியாமப் போச்சு", அதுலதான் எனக்கு அலெக்ஸ் யூங் புரிஞ்சாரு.

அதுக்கப்புறம்தான் 2002 ரிசல்ட்ட எடுத்து வெச்சு உக்காந்தேன். பாத்தா அடுத்த வருஷமே, 2003-ல, ரெண்டு ரூல் மாறியிருக்கு. ஒண்ணு, பாயிண்ட் எட்டு பேருக்குன்னு ஆக்கிட்டாங்க, 7-ஆவது எடத்துக்கு ரெண்டு பாயிண்ட். மெல்போர்ன்ல வெப்பர் 5-ஆவதா வந்து வாங்குனதும் அதே ரெண்டு பாயிண்ட்தான். இன்னொண்ணு, குவாலிஃபையிங் மொறையையே மாத்தி 107 சதவீத ரூலத் தூக்கிட்டாங்க, அது திரும்ப வந்தது 2011-லதான். ஒரு வருஷம் தள்ளி அதே ஓட்டு ஓட்டியிருந்தா, பாயிண்ட் எடுத்த டிரைவர், ஒரு தடவகூட குவாலிஃபை ஆகாமப் போகாத டிரைவர். ஆளு மாறல, வேகம் மாறல, ஏடு மட்டும் வேற மாதிரி இருந்திருக்கும்.

நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன இங்க சேத்துப் பாக்கணும். 2005 இண்டியானாபொலிஸ், மிஷ்லின் டயர் டீமெல்லாம் ஓட்டாம ஒதுங்கிட்டாங்க, ஆறே காடி, நரேன் 4-ஆவது, அஞ்சு பாயிண்ட். தமிழனா எனக்கு அது பெரும, இன்னைக்கும் பெரும. ஆனா மெல்போர்ன்ல எட்டு காடி முடிச்ச ரேஸ்ல 7-ஆவது வந்தவர "அதிர்ஷ்டம்"னு ஒதுக்குற வாயி, ஆறு காடி ரேஸ்ல 4-ஆவது வந்தவர மட்டும் கொண்டாடக் கூடாது. ரெண்டு பேரும் காடிய கடைசி வரைக்கும் கொண்டு வந்து சேத்தாங்க. நரேனுக்கு டாடா கை குடுத்துச்சு, அதுக்கு முன்னாடி மினார்டி சீட்டு வந்தப்ப காசு தெரட்ட முடியாம விட்டவருதான் அவரும். அலெக்ஸ் போன எடத்துல மினார்டியில உக்காந்தவங்கள்ல ஒருத்தர் ஜஸ்டின் வில்சன், அவரு தன் பேர்லயே ஷேர் போட்டு பொதுமக்கள் கிட்ட வித்து சீட்டுக்கு காசு சேத்தாரு, நாம கூட்டா காசு கட்டுற மாதிரி. இந்த தொழில்ல கடைசி டீம் வாசல்ல நிக்கிறவங்க எல்லாருக்கும் இதே கததான்.

அலெக்ஸ் அதோட படுத்துடல, இத யாரும் பேசுறதே இல்ல. 2003-ல அமெரிக்காவுல சாம்ப் கார் ரேஸ் கொஞ்சம் ஓட்டுனாரு, 2005-ல நாட்டுக்கு ஒரு டீம்னு ஏ ஒன் ஜிபி ரேஸ் ஆரம்பிச்சப்ப மலேசியா டீமுக்கு ஓட்டுனாரு. அதுல எல்லா நாட்டுக்கும் ஒரே காடி, லோலா உடம்பு, ஸைடெக் இஞ்சின், ஒரே டயர். 2006-ல ஷாங்காய்ல ஸ்பிரிண்ட் ரேஸ் ஜெயிச்சாரு, அடுத்த சீசன்லயும் ஜெயிச்சாரு. அப்புறம் ஆசியாவுல ஆடி ஆர்8 எல்எம்எஸ் கப்ல சாம்பியன். டிவியில எஃப் ஒன் பத்தி பேச ஆரம்பிச்சாரு, கேட்டவங்களுக்கு தெரியும், டயரையும் பிரேக்கையும் பத்தி அவரு சொல்ற தெளிவு சும்மா வந்தது இல்ல. எல்லாருக்கும் ஒரே காடி குடுத்தா ஜெயிக்கத் தெரிஞ்ச மனுஷன். ரொம்ப வேகமான டிரைவர்னு நான் சொல்ல மாட்டேன், அலோன்சோ, வெப்பர் வரிசையில வெக்கவும் மாட்டேன். ஆனா நாம சொன்ன அளவுக்கு கேவலமான டிரைவர் இல்லவே இல்ல.

2002-லயே நம்ம நாட்டு கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட் ஓட்டி ராலியில புரொடக்‌ஷன் பிரிவு உலக சாம்பியன் ஆனாரு, ஆசியாவுல இருந்து முதல் ஆளு. எங்க தாமான்ல அந்த வருஷம் அலெக்ஸ் குவாலிஃபை ஆகாதத பேசுனாங்களே தவிர கரம்ஜித் ஜெயிச்சத பேசுன ஒரு ஆள எனக்கு ஞாபகம் இல்ல.

என்ன பண்ணியிருக்கலாம்னு கேட்டா என் மனசுல இருக்குறது ஒண்ணுதான். 2002-ல அவர ரேஸ்ல உக்கார வெக்காம, அதே காச ஏதாச்சும் நடு வரிசை டீம்ல டெஸ்ட் டிரைவர் வேலைக்கு குடுத்திருக்கணும். ஒரு வருஷம் யாரு கண்ணுலயும் படாம ஓட்டியிருப்பாரு. ஆனா அப்படி பண்ணியிருந்தா அந்த மார்ச்சு மாசம் செப்பாங் மேட்டுல நாங்க யாருக்காக எந்திரிச்சு நின்னிருப்போம்? ஸ்பான்சருக்கும் ஸ்டிக்கர் டிவியில தெரியணும், எங்களுக்கும் கொடி ஆட்ட ஆளு வேணும். அந்த அவசரத்துல எனக்கும் பங்கு இருக்கு, பதினேழு வயசுல தொண்ட கிழிய கத்துன எனக்கும்.

அண்ணன் கதைய முடிச்சிடுறேன். ஒரு சீசனுக்கு ஒரு கம்பெனி ஸ்பான்சர் பண்றேன்னு சொல்லுச்சு, பேரு வேணாம். ஸ்டிக்கர முதல்ல ஒட்டுங்க, ரேஸ்ல ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, பணம் வந்துரும்னாங்க. ஸ்டிக்கர் செலவும் எங்களுது. ரெண்டு கதவுலயும் பெருசா ஒட்டி ஒரு சீசன்ல பாதி ஓட்டுனாரு. பணம் வரல, அப்புறம் ஃபோனும் எடுக்கல. ஒரு ஞாயித்துக்கிழம காலையில அண்ணி கிட்ட ஹேர் டிரையர வாங்கிட்டு வந்து, ஒரு பக்கம் சூடு காட்டி ஒரு பக்கம் நகத்தால மெதுவா உரிச்சாரு, பெயிண்ட் போயிரக் கூடாதுன்னு. நான் இன்னொரு கதவ செஞ்சேன். பசியாற கூட போகல, மத்தியானம் ஆயிருச்சு. எல்லாம் உரிச்சு தொடச்சு பாத்தா, வெயில் பட்ட பெயிண்ட்டு மங்கி, ஸ்டிக்கர் இருந்த எடம் மட்டும் புதுசா, அந்த கம்பெனி பேரு எழுத்து எழுத்தா அப்படியே தெரியுது. திரும்ப பெயிண்ட் அடிக்க காசு இல்ல. அடுத்த ரெண்டு ரேஸும் அந்த கதவோடயே ஓட்டுனாரு.

2013-ல காடிய வித்தாச்சு. வாங்க வந்தவரு கதவ தடவிப் பாத்து, இந்த எழுத்து அச்சு இருக்கே, ஐந்நூறு வெள்ளி கொறைங்கன்னாரு. அண்ணன் கொறைக்கல.